பூவன் கேட்டால் எந்தப் பூவன்? வாழைக்கு 15 கேள்வியில் ஒரு பரீட்சை

(திரையில்: ஒரு மேசை, இரண்டு சீப்பு வாழைப்பழம். பின்னால் களியக்காவிளை பஸ் ஹார்ன்.)

மேசையில் இருக்கிற இரண்டு சீப்பையும் பாருங்கள். இடது பக்கம் இருப்பதைத் திருச்சிக்காரர் பூவன் என்பார். வலது பக்கம் இருப்பதைக் கேரளத்துப் பாறசாலைக்காரர் பூவன் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பழம் இல்லை. நடுவில், தமிழ்நாட்டு எல்லையோரம் களியக்காவிளையில் நிற்கிற நாங்களோ இடது பக்கத்துப் பழத்துக்குப் பாளையங்கோட்டான் என்று மூன்றாவதாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் எந்த வாழை எது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. மொத்தம் 15 கேள்வி. அதில் ருசி கிடையாது. பழத்தோலின் நிறம் கிடையாது. பழத்தின் நீளம், பருமன் எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் அம்மா வாழைப்பூ ஆயும்போது பிடுங்கிக் குப்பையில் போடுகிறாரே ஒரு கள்ளன், அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. நம்ப முடிகிறதா? கடைசி வரை பாருங்கள், ஒரு வாழைப்பூவைப் பிரித்தே காட்டுகிறேன்.

(திரையில்: கல்யாணப் பந்தலின் ஓரம், குலைகள் சாய்த்து வைத்திருக்கும் பழைய போட்டோ.)

முதலில் எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடியோவே அதில்தான் ஆரம்பித்தது.

அக்கா கல்யாணம். திருச்சியில் ரொம்ப வருஷமாக இருக்கிற சித்தப்பா, பழம் வாங்குகிற பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையில் எடுத்துக்கொண்டார். பந்திக்குப் பூவன் போதும், விலையும் கட்டுப்படியாகும் என்பது அவர் கணக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வியாபாரிக்குப் போன் போட்டார். "ஒன்பது குலை பூவன் வேணும்." அவரும் "நல்ல பூவன் உண்டு, தரலாம்" என்றார். முந்தின நாள் சாயங்காலம் வண்டி வந்தது. படுதாவை விலக்கிப் பார்த்த சித்தப்பா, "அடேய், இது ரஸ்தாளிடா!" என்று கத்தினார். முதலில் சந்தோஷக் கத்தல்தான். உயர்ந்த பழம் அல்லவா. பில்லைப் பார்த்ததும் கத்தல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

வியாபாரி அசரவில்லை. "நீங்க கேட்டது பூவன், நான் தந்தது பூவன்." அவர் சொன்னது நூறு சதவீதம் உண்மை. கேரளத்தில் பூவன் என்றால் நம் ரஸ்தாளிதான். நம் பூவன் அங்கே பாளையங்கோடன்.

அதோடு முடிந்ததா? ரஸ்தாளிக்கு ஒரு குணம் உண்டு. நன்றாகப் பழுத்தால் காம்பு விட்டு ஒவ்வொன்றாக உதிரும். மறுநாள் பந்தி நேரத்துக்குள் பாதிக் குலை தரையில். போதாக்குறைக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பருப்புப் பாயசம் ஊற்றினால் அதில் பப்படத்தை நொறுக்கி, பாளையங்கோட்டானைப் பிசைந்து சாப்பிட வேண்டும். அந்தப் புளிப்பு இல்லாமல் பாயசம் இறங்காது. "ரஸ்தாளியப் போட்டுப் பாயசத்தக் கெடுத்துட்டானுவ" என்று இன்றைக்கும் ஒரு தாத்தா சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

சரி, வரலாறு ஒரே வாக்கியம்: 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் பக்கத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு (அப்போது சென்னை மாநிலம்) வந்தன, வாழைகள் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு பக்கப் பெயரையும் வைத்துக்கொண்டன. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

பெயர்க் குழப்பம் பூவனோடு நிற்கவில்லை. ஞாலிப்பூவன் என்று கேரளத்தில் ஒன்று விற்கும். சின்னப் பழம், மெல்லிய தோல், நல்ல வாசனை. அதைத் தமிழ்நாட்டில் நெய்ப்பூவன் என்பார்கள். எங்கள் ஊரில் ரசகதலி. கர்நாடகத்தில் ஏலக்கி. சென்னையில் சூப்பர்மார்க்கெட்டில் ஏலக்கி என்று ஸ்டிக்கர் ஒட்டி, ஏசியில் வைத்து, அவர்கள் போட்டிருந்த விலையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பாட்டி வீட்டுக் கொல்லையில் அணில் தின்றுகொண்டிருந்த பழம் அது. இன்னொன்று, ரசகதலியும் ரஸ்தாளியும் காதுக்கு ஒன்று போலக் கேட்கும், ஆனால் வேறு வேறு. ஆந்திரத்துக்குப் போனால் ரஸ்தாளி அம்ருதபாணி ஆகிவிடும், நம் பூவன் கற்பூர சக்கரகேளி ஆகிவிடும். அந்தக் கற்பூரத்துக்கும் நம் கற்பூரவள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. லைக் போட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

(திரையில்: இரண்டு காட்டுவாழைகளின் கோட்டோவியம்.)

இப்போது பரீட்சை. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இரண்டு பேர் இதை எழுதி வெளியிட்டார்கள். டிரினிடாடில் வாழை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் சொன்னது இதுதான்: நாம் சாப்பிடுகிற வாழைகளில் ஏறக்குறைய எல்லாமே இரண்டு காட்டுவாழைகளின் வாரிசுகள். ஒன்று மூசா அக்குமினாட்டா. அதற்கு ஏ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இன்னொன்று மூசா பல்பீசியானா. அது பி. இரண்டுக்கும் காய் முழுக்கக் கல்லு மாதிரி விதை. ஒரு கடி கடித்தால் பல் டாக்டருக்கு வருமானம்.

சில வாழை முழுக்க அக்குமினாட்டா பக்கம். பல வாழை இரண்டும் கலந்த கலப்பு. எதில் யார் ரத்தம் எவ்வளவு என்று பார்க்கத்தான் இந்தப் பரீட்சை. 15 அடையாளம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். அசல் அக்குமினாட்டா போல இருந்தால் 1. அசல் பல்பீசியானா போல இருந்தால் 5. ஆகவே சுத்தமான ஏ வாங்குவது மொத்தம் 15 மார்க், சுத்தமான பி வாங்குவது 75. இந்தப் பரீட்சையில் யாரும் பெயில் கிடையாது. குறைந்த மார்க் வாங்கினாலும் வீட்டில் அடி விழாது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

(திரையில்: கத்தி, இரண்டு வாழை இலைக்காம்புகள். கேமரா மிக அருகில்.)

முதலில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இலைக்காம்பு. எல்லா வாழைக்கும் இலைக்காம்பின் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் ஓடும். மழைத் தண்ணீர் அதில் வழிந்து நடுவுக்கு இறங்கும். அந்தக் காம்பைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். இது மட்டி வாழையின் காம்பு. வாய்க்கால் அகலமாகத் திறந்து கிடக்கிறது, இரண்டு ஓரமும் வெளியே விரிந்து நிற்கிறது. பிரசாதம் வாங்க நீட்டிய இரண்டு கை மாதிரி. இது மொந்தன். ஓரங்கள் உள்ளே வளைந்து, ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டன. காசைக் கொடுத்ததும் கை மூடிவிட்ட மாதிரி. நடுவில் இது பாளையங்கோட்டான். விரியவும் இல்லை, மூடவும் இல்லை, ஓரம் நேராக நிற்கிறது.

இதைக் கற்றுக்கொண்ட நாளில் இருந்து நான் பஸ்ஸில் போகும்போதுகூட ஜன்னல் வழியாக வாழைக்காம்பையே பார்த்துக்கொண்டு போகிறேன். குழித்துறையில் இறங்க வேண்டியவன் ஒருநாள் மார்த்தாண்டத்தில் இறங்கினேன். சின்ன வயதில் இதே காம்பில் வரிசையாகச் சீவிவிட்டு, கையால் ஒரு தள்ளு தள்ளிப் படபடவென்று வெடி வைத்து விளையாடியிருப்போம். அப்போதெல்லாம் அதன் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

தண்டைப் பற்றி ஒரு கேள்வி உண்டு: ஏ பக்கம் போகப் போகத் தண்டில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக அழுக்கு அப்பினாற்போல இருக்கும், பி பக்கம் போகப் போகத் திட்டு குறைந்து பச்சையாக இருக்கும். குலைத்தண்டைத் தடவிப் பார்க்கவும் ஒரு கேள்வி: ஏ என்றால் பூனைமயிர் மாதிரி மெல்லிய ரோமம், பி என்றால் வழவழ. காயின் காம்பு குட்டையா நீளமா என்று ஒன்று. இளங்காயை வெட்டினால் உள்ளே மூன்று அறை, ஒவ்வோர் அறையிலும் விதையாக முடியாமல் போன புள்ளிகள் ஒழுங்காக இரண்டு வரிசையா, தாறுமாறாக நான்கு வரிசையா என்று இன்னொன்று. மொத்தம் 5 ஆயிற்று.

மீதி 10? பத்தும் வாழைப்பூவைச் சேர்ந்தது.

(திரையில்: முறம், அதன்மேல் ஒரு முழு வாழைப்பூ. அம்மாவின் கைகள்.)

முகத்தைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதனால் அம்மாவின் கை மட்டும். ஒரு மடலை உரிக்கிறார். மடல் என்பது இந்தச் சிவப்புப் போர்வை. அதன் வெளிப்பக்கமும் உள்பக்கமும் என்ன நிறம் என்பது ஒரு கேள்வி. பல்பீசியானாவில் வெளியே பழுப்பு கலந்த ஊதா, உள்ளே பளிச்சென்ற செந்நிறம். அந்தச் செந்நிறம் மடலின் அடி வரைக்கும் ஒரே மாதிரி ஓடும். அக்குமினாட்டாவில் அடிக்குப் போகப் போக வெளுத்து மஞ்சளாகிவிடும். இதற்குத் தனிக் கேள்வி. மடலின் நுனி கூரா மழுங்கலா, மடல் ஒல்லியா அகலமா, தோள் எங்கே விரிகிறது என்று வரிசையாகப் போகும்.

அப்புறம் இது அருமையான கேள்வி. குலையில் தொங்கும்போது மடல் திறக்கும் அல்லவா? அக்குமினாட்டா மடல் திறந்ததும் பின்பக்கமாகப் பாய் சுருட்டினாற்போலச் சுருண்டுகொள்ளும். பல்பீசியானா மடல் தூக்கி நிற்கும், சுருளாது. தோட்டத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும், கத்தியே வேண்டாம்.

மடல் உதிர்ந்த இடத்தில் தண்டில் ஒரு தழும்பு இருக்கும். அது புடைத்து நிற்கிறதா இல்லையா என்பதற்கும் மார்க்.

இப்போது அம்மா உள்ளே இருந்து ஒரு கொத்துப் பூவை எடுக்கிறார். ஒரு பூவை விரலால் நசுக்கி விரிக்கிறார். இதோ, தீக்குச்சி மாதிரி, தலையில் சின்ன மொட்டோடு விறைப்பாக நிற்கிறதே, இதுதான் கள்ளன். எத்தனை வேகவைத்தாலும் வேகாது, பல்லில் மாட்டும், அதனால் பிடுங்கிப் போடுகிறோம். தாவரவியல்படி இது சூலகத்தின் தண்டு. அதன் தலைதான் சூல்முடி. பரீட்சையில் கேட்பது இந்தத் தலையின் நிறம்! ஆரஞ்சோ நல்ல மஞ்சளோ என்றால் ஏ. வெளிறிய மஞ்சள், கிரீம், லேசான ரோஸ் என்றால் பி.

அதோடு விடவில்லை. கள்ளனோடு சேர்த்து இன்னொன்றையும் கிள்ளி எடுக்கிறார், பாருங்கள். பிளாஸ்டிக் தாள் மாதிரி, பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னச் செதில். அதுவும் வேகாது. அந்தச் செதிலின் நுனிக்குக் கீழே சுருக்கம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. சுருக்கம் இருந்தால் ஏ பக்கம். பூவின் நிறம் வெள்ளையா ரோஸ் ஓடியதா என்பது கடைசிக் கேள்வி.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அம்மா கேட்டார்: "அப்ப இத்தன வருஷமா நான் வெஞ்சனத்துக்கு ஆகாதுன்னு தூரப் போட்டதத்தான் அவங்க படிச்சாங்களா?" ஆமாம் அம்மா, அதைத்தான். "பழத்த ஏன் பாக்கல?" நல்ல கேள்வி. பழம்தான் நமக்கு வேண்டியது. எந்தக் கன்றில் இனிப்பாக, விதையில்லாமல், பெரிதாக, புது நிறத்தில் காய்த்ததோ அதையே மனிதன் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பெயர்த்து நட்டிருக்கிறான். கள்ளனின் தலை எந்த நிறத்தில் இருந்தால் நல்லது என்று யாராவது கன்று தேர்ந்தெடுத்திருப்பார்களா? நாம் கை வைக்காத இடத்தில்தான் காட்டுத் தாத்தாவின் முகஜாடை அப்படியே இருக்கிறது.

(திரையில்: மார்க் பட்டியல். பக்கத்தில் ஒவ்வொரு பழமாக வந்து நிற்கிறது.)

ரிசல்ட் நேரம். 15ஐ ஒட்டி வாங்குகிறவை சுத்த ஏ. எங்கள் மட்டி அங்கேதான். ஒவ்வோர் எழுத்தும் அந்தக் காட்டுத் தாத்தாவிடம் இருந்து வந்த ஒரு தொகுதிக் குரோமோசோம், அதாவது குணங்களைச் சுமந்து வரும் இழைகள். மட்டி ஏஏ, அதாவது இரண்டே தொகுதி, 22 குரோமோசோம். சின்னப் பழம், காய்கள் எல்லாம் ஒரே பக்கம் காற்றடித்துச் சாய்ந்த மாதிரி வளைந்திருக்கும். குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுகிற பழம் எங்கள் ஊரில் இதுதான். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணில் வந்த மாதிரி வேறு எங்கேயும் வராது என்பது எங்கள் பெருமை. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

மட்டியோடு அதே வரிசையில் வந்து நிற்கிறது செவ்வாழை. ஆமாம், அந்தப் பெரிய, சிவந்த, தடித்த பழம். பச்சைப் பழமும் அங்கேதான். மட்டிக்கு ஏஏ என்றால் செவ்வாழைக்கு ஏஏஏ, ஒரு தொகுதி கூடுதல், 33 குரோமோசோம். மார்க்கை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதற்குக் குரோமோசோமை எண்ண வேண்டும்.

15ஐ நன்றாகத் தாண்டி 46க்குள் வாங்கினால் ஏஏபி. இங்கேதான் நெரிசல். ஏத்தன், அதாவது நேந்திரன், பாளையங்கோட்டான், ரஸ்தாளி, மலைவாழை எல்லாம் இந்தப் பெட்டியில். 49 என்றால் ஏபி, அது ரசகதலியின் இடம். 59 முதல் 63 வரை ஏபிபி: மொந்தன், பேயன், கற்பூரவள்ளி. கற்பூரவள்ளிக் காயின் மேல் சாம்பல் பூசியது மாதிரி ஒரு மாவு இருக்குமே, எப்போதாவது பழத்துக்குள் கறுப்பாக ஒரு விதையும் பல்லில் அகப்படுமே. பி தாத்தா நடுநடுவே எட்டிப் பார்க்கிறார்.

இப்போது கவனிக்கிறவர்கள் பிடித்திருப்பீர்கள். சித்தப்பாவின் பூவனும் வியாபாரியின் பூவனும் இரண்டுமே ஏஏபி! அத்தனை பெரிய பரீட்சை வைத்தும் எங்கள் வீட்டுச் சண்டை தீரவில்லை. ஏஏபிக்குள்ளேயே தனித்தனிக் குடும்பம் உண்டு. பாளையங்கோட்டான் குடும்பத்துக்கு உலகம் வைத்த பெயர் மைசூர். ரஸ்தாளிக் குடும்பத்துக்குச் சில்க், பட்டு. இதைப் பிரிக்க வேறு அடையாளம் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டான் இலையைத் திருப்பி, நடுநரம்பின் அடிப்பக்கம் பாருங்கள், ரோஜா நிறம் ஓடும். ரஸ்தாளியில் இலைக்காம்பின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். பழத்தை வாயில் போட்டால் இன்னும் சுலபம். புளிப்புத் தட்டினால் பாளையங்கோட்டான். வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி கரைந்து, நடுவில் எங்காவது கட்டி தட்டினால் ரஸ்தாளி. அந்தக் கட்டி ரஸ்தாளிக்கு உள்ள ஒரு கோளாறு, காய் பழுக்காத குறை இல்லை. பழக்கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல், இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கிற வழக்கத்தை நிலைநிறுத்தியவர், 1753இல் வாழைக்கு மூசா பாரடிசியாக்கா என்று பெயர் வைத்தார். சொர்க்கத்து வாழை. கொஞ்ச வருஷம் கழித்து இன்னொன்றுக்கு மூசா சேப்பியன்டம். ஞானிகளின் வாழை. இரண்டையும் தனித்தனி இனம் என்று நினைத்தார். பிற்பாடு பார்த்தால் இரண்டுமே ஏஏபி கலப்பு! முதலாவது நம் ஏத்தன் சேர்ந்திருக்கிற கூட்டம். இரண்டாவது சில்க், அதாவது ரஸ்தாளி. ஆக, அந்த வியாபாரி எங்கள் பந்திக்கு அனுப்பியது ஞானிகளின் பழம். பாயசத்துக்கு ஆகவில்லை என்பது வேறு விஷயம். ஏத்தக்காய் அப்பம் சாப்பிடும்போது சொர்க்கம் என்று தோன்றினால், அதற்கும் ஆதாரம் இருக்கிறது.

(திரையில்: மாமா வீட்டுக் கொல்லை. ஒரு மூடு செவ்வாழை.)

கடைசியாக மாமாவின் பிரச்சினை. மாமா வீட்டில் ஒரு மூடு செவ்வாழை நிற்கிறது. திருவனந்தபுரத்துக்காரர்கள் இதைக் கப்பப்பழம் என்பார்கள். கப்பை என்றால் மரச்சீனி அல்லவா என்று என்னிடம் கேட்காதீர்கள், இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பு இல்லை. தாய் மரத்தில் தண்டு, இலைக்காம்பு, நடுநரம்பு எல்லாம் ரத்தச் சிவப்பு. அதன் பக்கத்திலேயே வந்த இந்தக் கன்றைப் பாருங்கள். சுத்தப் பச்சை. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

மாமா கன்று விற்றவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். "செவ்வாழைன்னு சொல்லிக் கலப்படக் கன்றக் குடுத்துட்டான்" என்பது அவர் குற்றச்சாட்டு. நான் மண்ணைத் தோண்டிக் காட்டினேன். இரண்டும் ஒரே கிழங்கில் இருந்துதான் வந்திருக்கிறது. செவ்வாழையில் இப்படி நடப்பது உண்டு. வளரும்போது எங்கோ ஓர் இடத்தில் சிவப்பு நிறம் மட்டும் தொலைந்துபோய், பச்சை வந்துவிடும். இந்தக் கன்று குலை தள்ளினால் காய் பச்சையாக இருக்கும், பழுத்தால் மஞ்சள் பாய்ந்து வரும். உருவம் செவ்வாழை. மார்க் போட்டால் தாய்க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், ஏனென்றால் முன்னமே சொன்னேனே, பழத்தோலின் நிறத்துக்கு அந்தப் பரீட்சையில் மார்க்கே கிடையாது.

மாமா நம்பவில்லை. "மொதல்ல குல வரட்டும்டே, அப்பறம் பேசலாம்" என்கிறார். கன்று இப்போது என் இடுப்பு உயரம். செவ்வாழை குலை தள்ள மற்ற வாழையைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். உங்கள் வீட்டில் பச்சைக் கன்று போட்ட செவ்வாழை இருந்தால் இலைக்காம்பை வெட்டி ஒரு போட்டோ அனுப்புங்கள், மாமாவிடம் காட்ட ஆகும். குலை வந்ததும் கேமராவோடு இதே கொல்லைக்கு வருகிறேன். மாமா அன்றைக்கு வீட்டில் இருப்பாரா என்பதுதான் சந்தேகம்.